வெளிநாட்டுக்காரர் காரை பார்க்காமலே வாங்குறேன்ங்கிறார், செக்கும் அனுப்பிட்டார், நம்பலாமா சார்?

கேள்வி: சார், அப்பா ஓட்டிட்டு இருந்த காரை விக்கலாம்னு ஆன்லைன்ல விளம்பரம் போட்டேன். 9 வருஷ வண்டி, ஒரே ஓனர். மூணாவது நாளே ஒருத்தர் மெயில் பண்ணார், வேற நாட்டுக்காரர், கப்பல்ல வேலையாம், போன்ல பேச முடியாதாம். சொன்ன விலைக்கே எடுத்துக்கிறேன், விளம்பரத்த எடுத்துடுங்கன்னார், பாஸ்போர்ட் காப்பியும் அனுப்பினார். பேங்க் செக் ஒண்ணு வரும், அதுல ஷிப்பிங் செலவும் சேர்ந்திருக்கும், செக்கை போட்டதும் அந்த கூடுதல் பணத்த மட்டும் ஷிப்பிங் ஏஜெண்டுக்கு மணி ட்ரான்ஸ்ஃபர்ல அனுப்பிடுங்க, அவங்க வந்து வண்டிய எடுத்துப்பாங்கன்னு சொல்றார். நேத்து செக் கூரியர்ல வந்துடுச்சு, இன்னும் போடல. இதுக்கு நடுவுல இன்னொருத்தர், அவரும் வெளிநாட்டுக்காரர்தான், நேர்ல வந்து பார்க்கிறேன் ஆனா விலைய குறைங்கன்னு பேரம் பேசுறார். யாருக்கு குடுக்கறது? என்னென்ன கவனிக்கணும்?

பதில்:

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் மத்ததெல்லாம் பேசலாம். அந்த செக்கை அக்கவுண்ட்ல போடாதீங்க, ஏஜெண்டுக்கு ஒரு பைசா கூட அனுப்பாதீங்க. செக்கையும் மெயில் எல்லாத்தையும் எடுத்துட்டு நாளைக்கே உங்க பேங்குக்கு போயி மேனேஜர்கிட்ட நேரா காட்டுங்க, இந்த மாதிரி வந்திருக்குன்னு முழு கதையையும் சொல்லுங்க. நீங்க போடாம வச்சிருந்து எனக்கு எழுதினது எவ்வளவு நல்ல காரியம்னு உங்களுக்கு இப்ப தெரியாது.

நான் 22 வருஷம் பேங்க்ல வெளிநாட்டு பணப் பரிமாற்ற டெஸ்க்ல இருந்தவன், நீங்க எழுதியிருக்கிற இதே கதைய கவுண்டருக்கு அந்தப் பக்கம் உக்காந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். சில சமயம் கப்பல் வேலை, சில சமயம் எண்ணெய்க் கிணறு, சில சமயம் ராணுவம், வேலை மாறும், மத்ததெல்லாம் அப்படியே இருக்கும். போன் பேச முடியாது, நேர்ல வர முடியாது, பேரம் கிடையாது, விளம்பரத்த உடனே எடுக்கணும், செக் கூடுதலா வரும், மிச்சத்த வேற யாருக்கோ அனுப்பணும்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டா நீங்க மட்டும் இல்ல, உங்கள சுத்தி இருக்கிறவங்களையும் காப்பாத்தலாம், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். ஒரு செக்கை நீங்க போட்டதும் சில நாள்ல உங்க அக்கவுண்ட்ல பணம் ஏறின மாதிரி காட்டும். பல பேங்க்ல அது தற்காலிகமா போடுற க்ரெடிட்தான், சில நாடுகள்ல இத்தனை நாளுக்குள்ள வாடிக்கையாளர் பணத்த எடுக்க விடணும்னு சட்டமே இருக்கு, அதனால செக் உண்மையிலேயே பாஸ் ஆகுறதுக்கு முன்னாடியே நீங்க அந்த பணத்த எடுக்க முடியும். ஆனா அந்த செக் அது எந்த பேங்க்ல குடுத்ததா எழுதியிருக்கோ அங்க போயி சேர்ந்து, அவங்க பார்த்து, இது எங்க செக்கே இல்லன்னு திருப்பி அனுப்ப வாரக்கணக்கா ஆகலாம், அதுவும் வேற நாட்டு செக்னா இன்னும் இழுக்கும். திரும்பி வந்த அன்னைக்கு பேங்க் உங்க அக்கவுண்ட்ல இருந்து முழு தொகையையும் கழிச்சுக்கும். நீங்க ஏஜெண்டுக்கு அனுப்பின பணம் மட்டும் உங்க சொந்தக் காசு, அது போனது போனதுதான், மணி ட்ரான்ஸ்ஃபர்ல அனுப்பினத அந்தப் பக்கம் ஒருத்தர் கையில வாங்கிட்டு போயிட்டார்னா திருப்பி வாங்க வழியே இல்லாத மாதிரிதான்.

என் கவுண்டருக்கு வந்த ஒரு பெரியவர் இன்னும் கண்ணுலயே நிக்கிறார். செக் போட்டு ஆறாவது நாள் பணம் ஏறிடுச்சு, இவர் சந்தோஷமா மிச்சத்த அனுப்பிட்டார், அனுப்பிட்டு வண்டிய கழுவி துடைச்சு வாங்குறவருக்காக வாசல்ல நிறுத்தி வச்சிருந்தார். மூணாவது வாரம் செக் போலின்னு திரும்பி வந்தது. வண்டிய எடுக்க யாருமே வரல. எனக்கு அன்னைக்குதான் உறைச்சுது, இவங்களுக்கு கார் வேணவே வேணாம், வேண்டியது அந்த கூடுதல் தொகை மட்டும்தான். அதனால வண்டி என்கிட்டதானே இருக்கு, என்ன ஆயிடப் போகுதுன்னு மட்டும் நினைக்காதீங்க. விக்கிறவர் காசு வாங்குறவர், அவர் யாருக்கும் காசு அனுப்ப வேண்டிய அவசியமே வராது, ஷிப்பிங்குக்கோ வரிக்கோ இன்சூரன்ஸுக்கோ உங்க கையில இருந்து பணம் போகச் சொன்னா அங்கயே நிறுத்திடுங்க.

அப்புறம் அந்த பாஸ்போர்ட் காப்பி. அது உண்மையான பாஸ்போர்ட்டாவே இருக்கலாம், இதே மாதிரி ஏமாந்த வேற ஒருத்தரோடது. நீங்களும் ஏதாவது அனுப்பியிருக்கீங்களா? உங்க அடையாள அட்டை, ஆர்சி புக் முழுசா, அக்கவுண்ட் ஸ்டேட்மென்ட், இதுல எதையாவது அனுப்பியிருந்தா மேனேஜர்கிட்ட அதையும் சொல்லிடுங்க, ஏன்னா நாளைக்கு உங்க பேர்ல, உங்க கார் போட்டோவ போட்டு இன்னொருத்தர்கிட்ட அட்வான்ஸ் வாங்குவாங்க. இனிமே யாருக்கு காப்பி அனுப்பினாலும் அதுமேல குறுக்கால இந்த கார் விற்பனைக்கு மட்டும்னு தேதியோட எழுதி அனுப்புங்க.

வெளிநாட்டுல இருந்து வாங்குறவங்க எல்லாருமே ஃப்ராடான்னா இல்லவே இல்ல தம்பி. பழைய வண்டிகள் உலகம் முழுக்க கப்பல்ல போய்க்கிட்டேதான் இருக்கு, ஜப்பான்ல இருந்து மட்டும் வருஷத்துக்கு லட்சக்கணக்குல போகுது. ஆனா உண்மையா வாங்குறவருக்கு ஒரு கணக்கு இருக்கும். வண்டி விலை, அதுமேல கப்பல் வாடகை, அதுமேல அவங்க நாட்டு இறக்குமதி வரி, இறங்கின பிறகு ரிஜிஸ்ட்ரேஷன், இத்தனையும் சேர்த்தும் அவருக்கு லாபம் வரணும். அப்படி இருக்கிறவர் ஒரு சாதாரண 9 வருஷ வண்டிய பார்க்காம, கேட்ட விலைக்கு, ஒரு வார்த்தை பேரம் பேசாம எடுப்பாரா? அதனாலதான் உங்களோட ரெண்டாவது ஆள், விலைய குறைங்கன்னு நச்சரிக்கிறாரே, அவர் மேல எனக்கு கொஞ்சம் நம்பிக்கை வருது. பேரம் பேசுறவர் உண்மையிலேயே காசு குடுக்கப் போறவர்.

அவரை சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கு. உங்க நாட்டுல இந்த வண்டிய இறக்க விடுவாங்களான்னு கேளுங்க. நிறைய நாடுகள்ல வயசு வரம்பு இருக்கு. கென்யாவுல 8 வருஷத்துக்கு மேல பழைய வண்டிய இறக்குமதி பண்ண முடியாது, ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கணும். அமெரிக்காவுல அவங்க தரத்துக்கு தயாரிக்காத வண்டின்னா பொதுவா 25 வருஷம் ஆகியிருக்கணும், கனடாவுல 15 வருஷம். நிஜமா இறக்குமதி பண்றவருக்கு இது மனப்பாடமா தெரியும், நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே அவர் உங்ககிட்ட தயாரிச்ச வருஷம் மாசம், எமிஷன் தரம், என்ஜின் சிசி, சர்வீஸ் புக் எல்லாம் கேப்பார். சேசிஸ் நம்பர் கேக்குறதும் நியாயம்தான், 1981க்கு அப்புறம் வந்த வண்டிகள்ல பெரும்பாலும் அது 17 எழுத்தும் எண்ணுமா இருக்கும், அத வச்சு வண்டியோட வரலாற பார்ப்பாங்க. ஆனா வெறும் ஆர்வத்துல கேக்குறவங்களுக்கெல்லாம் முழு நம்பரையும் ஆர்சி போட்டோவையும் குடுத்துடாதீங்க, திருட்டு வண்டிக்கு உங்க நம்பர போட்டு ஓட்டுற கூட்டம் இருக்கு. ஆள் சீரியஸ்னு தெரிஞ்ச பிறகு குடுத்தா போதும்.

இப்ப பணம் எப்படி வாங்குறதுன்னு வருவோம், இதுலதான் எல்லாமே இருக்கு.

எனக்கு பிடிச்ச வழி பேங்க் டு பேங்க் ட்ரான்ஸ்ஃபர், முழு தொகையும், ஒரே தடவையா, வாங்குறவர் பேர்ல இருக்கிற அக்கவுண்ட்ல இருந்து. வெளிநாட்டுல இருந்து வர்றப்ப பெரும்பாலும் ஸ்விஃப்ட் (பேங்குக்கு பேங்க் பணத் தகவல் அனுப்புற உலக வலைப்பின்னல்) வழியா தகவல் வரும், ஒண்ணு ரெண்டு நாள்ல வரலாம், நடுவுல வேற பேங்க் இருந்தா, விடுமுறை வந்தா அதுக்கு மேலயும் ஆகலாம், நடுவுல இருக்கிற பேங்க் கொஞ்சம் கமிஷன் பிடிச்சுக்கும், அதனால எல்லா சார்ஜும் அனுப்புறவர் கணக்குலன்னு முன்னாடியே பேசிடுங்க, இல்லன்னா விலையில கொஞ்சம் குறைஞ்சு வந்து கடைசி நேரத்துல மனஸ்தாபம் வரும்.

இங்க நிறைய பேர் கோட்டை விடுற இடம் ஒண்ணு. வாங்குறவர் உங்களுக்கு ஸ்விஃப்ட் காப்பின்னு ஒரு பேப்பர் அனுப்புவார், பணம் போட்டாச்சு பாருங்க, வண்டிய குடுங்கன்னு. அது பணம் இல்ல தம்பி, அனுப்பச் சொன்னதுக்கான ஒரு தாள், அதையும் கம்ப்யூட்டர்ல அஞ்சு நிமிஷத்துல யாரும் தயார் பண்ணிடலாம். அது நிஜமா இருந்தாலும் அனுப்பினவர் இன்னும் நிறுத்தச் சொல்ல முடியும். அந்த காப்பியில 36 எழுத்து நீளத்துக்கு ஒரு ட்ராக்கிங் ரெஃபரன்ஸ் இருக்கும், அத உங்க பேங்க்ல குடுத்தா பணம் எங்க நிக்குதுன்னு அவங்க பார்த்து சொல்ல முடியும். அப்படி பார்த்து, உங்க அக்கவுண்ட்ல ஏறி, பேங்க் ஆள்கிட்ட "இது ஃபைனலா, இத யாராவது திருப்பி எடுக்க முடியுமா"ன்னு வாய் விட்டு கேட்டு, இல்லன்னு பதில் வாங்கின பிறகுதான் சாவி. மெசேஜ் வந்துது, மெயில் வந்துது, ஸ்க்ரீன்ஷாட் காட்டினார்ங்கிறது எதுவும் கணக்குல சேராது, நீங்களே உங்க போன்ல உங்க பேங்க் ஆப்ப திறந்து பார்க்கணும், அவர் அனுப்புற லிங்க் வழியா போகக் கூடாது. பணம் உங்களுக்கு வந்து காத்துக்கிட்டிருக்கு, ஏத்துக்க உங்க கார்டு நம்பரும் ஓடிபியும் போடுங்கன்னு லிங்க் வந்தா அது உங்க அக்கவுண்ட காலி பண்ண வர்றது. பணம் வாங்க ஓடிபி தேவையே இல்ல.

வேற ஒருத்தர் பேர்ல இருந்து பணம் வந்தா? மச்சான் அனுப்புறார், கம்பெனி அனுப்புதுன்னு சொல்வாங்க. ஒத்துக்காதீங்க. ஹேக் பண்ணின அக்கவுண்ட்ல இருந்து பணத்த உங்களுக்கு அனுப்பிட்டு வண்டியோட போயிட்டா, பணத்த பறிகொடுத்தவர் போலீசுக்கு போவார், உங்க அக்கவுண்ட முடக்குவாங்க, நீங்க யாருன்னு நிரூபிக்க நீங்க அலையணும். அக்ரிமெண்ட்ல இருக்கிற பேரும் பணம் அனுப்பின பேரும் ஒண்ணா இருக்கணும். அதே மாதிரி, பேசினதுக்கு மேல பணம் வந்துடுச்சு, மிச்சத்த இந்த அக்கவுண்டுக்கு போடுங்கன்னா கை வைக்காதீங்க, பேங்க்ல சொல்லி வந்த வழியிலேயே திருப்பி அனுப்பச் சொல்லுங்க. நீங்களே வேற அக்கவுண்டுக்கு மாத்தி விட்டா திருட்டுப் பணத்த கை மாத்தி விட்ட குத்தம் உங்க தலையில விழலாம்.

வாலட்லயோ கார்டுலயோ வேணாம், மாசக்கணக்கு கழிச்சும் தகராறு பண்ணி பணத்த திருப்பி எடுக்க அதுல வழி இருக்கு, அதுக்குள்ள உங்க வண்டி கடல் தாண்டியிருக்கும். எஸ்க்ரோன்னு ஒரு முறை இருக்கு, நடுவுல ஒரு நிறுவனம் பணத்த பிடிச்சு வச்சுக்கிட்டு வண்டி கை மாறின பிறகு உங்களுக்கு விடும், முறை நல்லதுதான், ஆனா எந்த நிறுவனம்னு வாங்குறவர் சொல்லி லிங்க் அனுப்பினா அது பெரும்பாலும் அவரே கட்டின வெப்சைட்டா இருக்கும். நீங்க தேர்ந்தெடுங்க, அதுக்கு லைசென்ஸ் குடுக்கிற அரசு அமைப்போட பட்டியல்ல பேர் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா விட்டுடுங்க.

உங்க ரெண்டாவது ஆள் நேர்ல வர்றார்ங்கிறதால ரொக்கமா குடுக்கிறேன்னும் சொல்லலாம். எத்தனை ரொக்கம் வாங்கலாம்னு நாட்டுக்கு நாடு வரம்பு இருக்கு, அத முதல்ல உங்க பேங்க்ல கேட்டுக்கோங்க. வரம்புக்குள்ளன்னா பணத்த வீட்லயோ பார்க்கிங்லயோ வாங்காதீங்க, ரெண்டு பேருமா பேங்குக்கு போங்க, கவுண்டர்ல அவங்க எண்ணி, கள்ள நோட்டு மெஷின்ல விட்டு, உங்க அக்கவுண்ட்ல போட்டு ரசீது குடுத்த பிறகு கையெழுத்து போடுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேங்க் மூடின பிறகு வர்றேன்னு அடம் பிடிச்சா திங்கக்கிழமை வரச் சொல்லுங்க.

வண்டிய காட்டுறப்ப கூட ஒருத்தர வச்சுக்கோங்க. ஓட்டிப் பார்க்கிறேன்னா லைசென்ஸ நேர்ல பாருங்க, உங்க இன்சூரன்ஸ்ல அவர் ஓட்டினா செல்லுமான்னு முன்னாடியே கேட்டு வைங்க, நீங்களும் உள்ள உக்காருங்க, இறங்கி இடம் மாறுறப்ப சாவி உங்க கைக்கு வரணும். ரெண்டாவது சாவிய வீட்லயே விட்டுட்டு வாங்க. ரெண்டு பேரா வந்து ஒருத்தர் உங்ககூட பேசிக்கிட்டே இருக்க இன்னொருத்தர் பானெட்டுக்குள்ள கை விட்டு எண்ணெயோ வேற எதையோ ஊத்தி புகை வர வச்சு விலைய பாதியாக்குற தந்திரமும் உண்டு, அதனால பானெட் திறந்திருக்கிற நேரம் கண்ண எடுக்காதீங்க.

அக்ரிமெண்ட் ரெண்டு காப்பி, ரெண்டு பேருக்கும் புரியுற மொழியில. பேரு, விலாசம், பாஸ்போர்ட் நம்பர் (இந்த தடவை ஒரிஜினலை கையில வாங்கி முகத்தோட ஒப்பிட்டுப் பார்த்து), சேசிஸ் நம்பர், கிலோமீட்டர், விலை, பணம் எப்படி வந்தது, உங்களுக்கு தெரிஞ்ச எல்லா குறையும், இப்ப இருக்கிற நிலையில விக்கிறேன்னு ஒரு வரி. தெரிஞ்ச குறைய மறைக்காதீங்க, அது தப்புங்கிறது ஒரு பக்கம், எழுதி வச்சது பின்னாடி உங்களத்தான் காப்பாத்தும். ஒப்படைச்ச தேதி மட்டும் இல்ல, மணியும் நிமிஷமும் எழுதுங்க. அதுக்கு அப்புறம் வர்ற ட்ராஃபிக் அபராதமோ விபத்தோ உங்களோடது இல்லன்னு காட்ட அந்த ஒரு வரி உதவும். உங்க கடிதத்துல லோன் பத்தி எதுவும் இல்ல, வண்டி மேல பாக்கி ஏதாவது இருந்தா அத முடிச்சு ஃபைனான்ஸ் நிறுவனத்தோட கடிதம் வாங்காம விக்க முடியாது. அப்பா பேர்லயே இன்னும் ரிஜிஸ்ட்ரேஷன் இருக்குன்னா அவரோ, அவர் இல்லன்னா சட்டப்படியான வாரிசோதான் கையெழுத்து போடணும், இதுவும் விளம்பரத்துக்கு முன்னாடியே சரி பண்ண வேண்டியது.

அடுத்தது ரிஜிஸ்ட்ரேஷன். வண்டி வெளிநாடு போகுதுன்னா உள்ளூர்ல பேர் மாத்துற மாதிரி இல்ல, ஏற்றுமதின்னு பதிஞ்சு உங்க பேர்ல இருந்து எடுக்கணும். சில நாடுகள்ல நம்பர் பிளேட்ட திருப்பி குடுக்கணும், சில நாடுகள்ல ஏற்றுமதிக்குன்னே தற்காலிக பிளேட் உண்டு, ஜெர்மனியில சிவப்பு பட்டையோட அப்படி ஒண்ணு இருக்கு, அதுக்கு இன்சூரன்ஸும் எடுத்திருக்கணும். பிரிட்டன்னா வண்டிய நிரந்தரமா வெளிய அனுப்புறோம்னு டிவிஎல்ஏவுக்கு (அங்க வண்டி பதிவ பார்த்துக்கிற அரசு அமைப்பு) சொல்லணும். உங்க ஊர் போக்குவரத்து ஆபீஸ்ல என்ன முறைன்னு கேட்டு, முடிஞ்சா வண்டி உங்க கையில இருக்கும்போதே அத செஞ்சுடுங்க. உங்க பிளேட்லயே ஓட்டிட்டு போறேன், அங்க போயி மாத்திக்கிறேன்னு கெஞ்சுவாங்க, அது மட்டும் வேணாம், அவர் எல்லையில ஒரு விபத்து பண்ணினா உங்க பேருக்குதான் வரும். இன்சூரன்ஸ நிறுத்துறது இதுக்கு எல்லாம் அப்புறம்.

கப்பல் பேப்பர் விஷயத்துல, உங்க வீட்டு வாசல்ல வண்டிய ஒப்படைச்சதோட உங்க வேலை முடிஞ்சதுன்னு அக்ரிமெண்ட்ல எழுதுங்க. கஸ்டம்ஸ்ல ஏற்றுமதியாளர்னு உங்க பேர போட அவங்க ஏஜெண்ட் கேட்டா, என்ன பொறுப்பு வரும்னு விசாரிக்காம கையெழுத்து போடாதீங்க, அதே கன்டெய்னர்ல வேற என்ன ஏத்துறாங்கன்னு உங்களுக்கு தெரியாது. ஏதோ காரணத்துக்காக நீங்களே அனுப்புற மாதிரி ஆனா, கப்பல் கம்பெனி குடுக்கிற பில் ஆஃப் லேடிங்கோட (சரக்க ஏத்திக்கிட்டதுக்கான சீட்டு) ஒரிஜினல் உங்ககிட்டயே இருக்கட்டும், பொதுவா அது இல்லாம அந்த துறைமுகத்துல சரக்க எடுக்க முடியாது, பணம் முழுசா வந்த பிறகு அனுப்புங்க. வண்டி நாட்ட விட்டு போனதுக்கான சான்றோட ஒரு காப்பியையும் கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, சில இடத்துல வரிக் கணக்க மூட அது கேப்பாங்க.

குடுக்கிறதுக்கு முந்தின நாள் ராத்திரி வண்டிக்குள்ள உக்காந்து அந்த ஸ்க்ரீன்ல இருக்கிற போன் நம்பர், வீட்டு விலாசம், கேட் ரிமோட் எல்லாத்தையும் அழிங்க, கார் ஆப்ல உங்க அக்கவுண்ட்ல இருந்து வண்டிய நீக்குங்க, டோல் ஸ்டிக்கர கழட்டுங்க. அப்பாவோட சாமான் ஏதாவது டேஷ்போர்டுல இருக்கும், அதையும் பாருங்க.

முதல் ஆளுக்கு பதில் போட வேணாம். "செக் போலின்னு தெரிஞ்சுடுச்சு, போலீசுக்கு சொல்வேன்"னு மிரட்டவும் வேணாம், உங்க விலாசம் அவங்க கையில இருக்கு. மெயில், செக், கூரியர் கவர், எதையும் அழிக்காம எடுத்து வச்சு பேங்க் சொல்றபடி சைபர் க்ரைம்ல புகார் குடுங்க. இத படிக்கிற வேற யாராவது ஏற்கனவே பணம் அனுப்பிட்டிருந்தா இந்த நிமிஷமே பேங்க் ஃப்ராட் லைனுக்கு போன் பண்ணி அனுப்பினத நிறுத்த முடியுமான்னு கேளுங்க, இதுல ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம், வெக்கப்பட்டுக்கிட்டு மறைக்காதீங்க. கொஞ்ச நாள் கழிச்சு போன பணத்த மீட்டுத் தர்றோம், முன்பணம் கட்டுங்கன்னு ஒரு போன் வரும், அதுவும் அதே கூட்டமாத்தான் இருக்கும்.

ரெண்டாவது ஆள்கிட்ட என்னைக்கு வர்றீங்க, பணம் எந்த வழியில, எந்த அக்கவுண்ட்ல இருந்துன்னு மெயில்ல எழுத்தா கேளுங்க. அவர் வர்ற வரைக்கும் விளம்பரம் அப்படியே இருக்கட்டும், அட்வான்ஸ் அக்கவுண்டுக்கு வராம எடுக்காதீங்க. விலைய கொஞ்சம் குறைச்சே குடுங்க, ஆனா உங்க மேனேஜர் செக்கை பார்த்துட்டு என்ன சொன்னார்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க தம்பி.